அடிக்குறிப்பு 212

மண்டபம் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர்
நிமிஷத்துக்கு எண்பத்தாறு அடி.
பதினோராவதில் ஒருமுறை மூச்சுத் தப்பும்.
மெக்கானிக்கைக் கூப்பிடாதே என்றாள் ரெமிஜியா.
"அந்த ஓட்டைக்குள்ளதான் நான் நுழையணும்."

மேடையில் அவள் பெயர் அடிக்குறிப்பு.
அச்சுப்பிழையோ என்று நோட்டீஸ்காரர்
இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டார்.
மதுரையில் ஆய்வு: 'இல்லாதவற்றின் இருப்பு'.
ஆறு வருஷம். உதவித்தொகை நாலில் நின்றுபோக
மீதி இரண்டை ராப் கட்டியது என்பாள்.
பொய்.
நண்டு கம்பெனியில் அக்கா ஓடு உடைத்த காசு அது.

நான் வேதாளை அஸ்கர். தாளம் என் பொறுப்பு.
மதரஸாவில் ஏழாம் வருஷம் ஓடிவந்தபோது
ஒரே ஒரு வாதத்தைத் திருடிக்கொண்டு வந்தேன்:
நெருப்பு பஞ்சை எரிப்பதில்லை.
நெருப்பு வந்தது, பஞ்சு எரிந்தது, அவ்வளவே;
இரண்டுக்கும் நடுவில்
படைத்தவன் ஒவ்வொரு கணமும்
உலகத்தைப் புதிதாய் எடுத்து வைக்கிறான்.
கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.
"அப்போ ரெண்டு அடிக்கு நடுவுல உலகம் இல்லையா?"
இல்லை.
"டிரம்மை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு."

மற்றவர்களுக்கு ஒலி வரியின் வாலில் மோதும்.
இவளுக்குத் தலையிலேயே மோதிவிடும்:

அப்பத்துல தெரியாதவர் இருக்கார்னு மண்டிபோட்ட ஊரு
உப்புத் தண்ணியில தெரியாத கோட்டைப் போட்டது யாரு
செப்பத் தெரிஞ்ச சாஸ்திரமே, ரெண்டும் ஒண்ணா, வேறா
தப்பித் தாண்டுன வலைக்கு மட்டும் அது தெரியணுமா நேரா

தங்கச்சிமடம் பந்தலில் மூன்றாம் நாள்.
ஒரு விசைப்படகு, ஒன்பது பேர், அக்கரைச் சிறையில்.
பாதர் பேசி முடித்தார், சங்கத்தலைவர் முடிக்கவில்லை,
நடுவில் புகுந்து மைக்கை வாங்கினாள்.
கோடு வெறும் பெயர் என்றாள்.
சூடை மீனுக்கு அது கிடையாது,
நீரோட்டத்துக்குக் கிடையாது,
வாடைக்காற்றிடம் கேட்டால் சிரிக்கும்.
பதினாறு சுற்றில் அழித்தே விட்டாள் கோட்டை.
விசில். ஒரு பையன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான்.

முன்னால் பெல்சியா எழுந்தாள்.
ஒன்பதில் ஒருவரின் மனைவி,
முழங்கைவரை கருவாட்டு உப்பு.

"கோடு இல்லைன்னு நிரூபிச்சிட்ட. நல்லது.
இல்லாத கோட்டைத் தாண்டுனவருக்கு
இருக்கிற ஜெயிலு எப்படிம்மா வந்துச்சு?"

ரெமிஜியா வாயைத் திறந்தாள்.
அவளிடம் என்னென்ன பதில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.
மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான்,
நானே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
ஒன்றையும் எடுக்கவில்லை.
எட்டு சுற்று.
நான் தாளத்தை நிறுத்தவில்லை.
நிறுத்தியிருக்கலாமோ என்று இப்போதும் நினைப்பேன்.
அந்தப் பதினோராவது தப்பும்போதெல்லாம்
கூட்டத்தில் யாராவது ஒருவர் தலைநிமிர்ந்து பார்த்தார்.
பிறகு மைக்கை மணலில் வைத்துவிட்டு
பெல்சியா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆய்வேட்டில் இப்போது அந்தக் கேள்வி இருக்கிறது.
212. பெல்சியா, கருவாடு காயப்போடுபவர்,
தங்கச்சிமடம். நேர்ப்பேச்சு.
ஓரத்தில் தேர்வாளர் பென்சிலால் எழுதினார்:
ஆதாரம் போதாது.
அதன் கீழே இவள் பேனாவால்:
ஆமாம்.

பட்டம் வந்தது.
ஒன்பதில் ஏழு பேர் வந்தார்கள்.
பெல்சியாவின் வீட்டுக்காரர் எட்டாவது.

பாட்டை ஏற்றினோம்,
பேச்சில்லாத எட்டு சுற்றையும் வெட்டாமல்.
பாதிப்பேர் அங்கே விரலால் தள்ளி
முன்னால் போய்விடுகிறார்கள்.

ஐஸ் கம்பெனியில் புதுக் கம்ப்ரசர் வாங்கிவிட்டார்கள்.
அது தப்புவதே இல்லை.
எங்களுக்கு உதவாது.